நாற்பத்தொன்று

டுலூத், பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
விடுதியின் இரண்டாம் மாடி, கூட்ட அறை நான்கு.
நேற்று இங்கே பல் மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள்;
வெள்ளைப் பலகையில் ஒரு கடைவாய்ப்பல்
பாதி அழிந்து நிற்கிறது.
அதுதான் தீவின் வரைபடம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றிலிருந்து ஐந்துவரை என் மேசை.
முன்பின் தெரியாத ஐந்து பேர்.
ஐந்தேகாலுக்கு வேறொருவரின் விண்கலம்
இதே மேசையிலிருந்து கிளம்ப வேண்டும்.

இருமல் மிட்டாய் டப்பாவில்
மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி மணிகள், நாற்பது.
ஆளுக்கு மூன்று வைத்தேன்.
பகடை கைவிட்டால் ஒன்றைக் கொடுத்து மறுபடி உருட்டலாம்.
கொடுத்தது டப்பாவுக்குத் திரும்பும்.
ஐந்து மணிக்கு
எல்லா மணியும் வெறும் கண்ணாடி.

கடைசி வரியை யாரும் நம்புவதில்லை.
போன வருடம் ஒருவர்
கையில் ஏழு மணியோடு பாலத்திலிருந்து விழுந்து செத்தார்.
ஏனய்யா கொடுக்கவில்லை என்றேன்.
கடைசிக்கு வைத்திருந்தேன் என்றார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை.
வாரம் முழுக்கத் துறைமுகத்தில் இரும்புத்தாது எடைபோடுகிறவள்;
மணியையும் அப்படித்தான் நிறுத்துக் கொடுத்தேன்.
உரக்கப் பேசுகிறவர் முன்னால் குவிந்தது.
வாய் திறக்காதவர் முன்னால்
மேசைத்துணியின் காப்பிக் கறை.

அதனால் இந்த முறை டப்பா நடுவில்.
யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கலாம்,
தனக்குத்தானே கூடாது.

கொடுத்தார்கள், அள்ளி அள்ளி.
செலவழிக்கத்தான் ஆளில்லை.
ரூடி கோஸ்கி பதினொன்றை
இரண்டு வரிசையாக அடுக்கி,
முழங்கையால் காவல் காத்தார்.
நாலரைக்கு டப்பா காலி.

கோங் மெங் அப்போதுதான் பேசினான்.
தனியாக வந்தவன்; முதல் தடவை.
கலங்கரை விளக்கத்தின் சமையல்காரன் வேடம் அவனுக்கு,
யாரும் எடுக்காமல் மிச்சமிருந்த தாள்.
கதவை முட்டிக்கொண்டிருந்தது கடலிலிருந்து வந்தது.
மற்றவர்கள் கோடரியை, எண்ணெயைத் தேடினார்கள்.
அவன் சொன்னான்:
"கெண்டியை அடுப்பில் வைக்கிறேன்.
வெளியே நிற்பதற்கும் சேர்த்து
ஆறு கோப்பை."

அறை நான்கில் வெப்பக்காற்றுக் குழாயின் சத்தம் மட்டும்.

மேவிஸ் டப்பாவுக்குள் கைவிட்டாள். தகரம்.
பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்,
சட்டென்று முடிவெடுத்துப் பழகியவள்.
நூலில் ஆடிக்கொண்டிருந்த மேலங்கிப் பொத்தானைப்
பிய்த்து அவன் முன்னால் வைத்தாள்.
"இது நாற்பத்தொன்று."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
விதிகள் எழுதிய தாள் என் முழங்கைக்குக் கீழே.
செல்லும், என்றேன்.

பிறகு மேசை முழுக்கக் கண்ணாடி உருண்டது, அவன் பக்கமாக.
ஆண்டர்ஸ் எல்லாவற்றையும் தள்ளினார்.
டெஸ்ஸா எண்ணாமல் தள்ளினாள்.
ரூடி ஒன்பதைத் தள்ளி இரண்டை வைத்துக்கொண்டார்;
பழக்கதோஷம்.

அவன் உருட்டினான். மூன்று.
ஒரு மணியைக் கொடுத்தான். நான்கு.
இன்னொன்று. மறுபடி மூன்று.
அவ்வளவு கேவலமான பகடையை நான் பார்த்ததில்லை.
ஒவ்வொரு தடவையும் மேசை முனகியது;
ஒவ்வொரு தடவையும் அவன் முதுகு
கொஞ்சம் நிமிர்ந்தது.
நாலு ஐம்பத்தாறுக்குப் பத்தொன்பது.
கதவு திறந்தது.
உப்பு சொட்டச் சொட்ட அது உள்ளே வந்து
சர்க்கரை கேட்டது.
(சர்க்கரை கேட்கும் என்று
எனக்கே அதுவரை தெரியாது.)

விண்கலத்துக்காரர்கள் வாசலில் செருமினார்கள்.
பலகையின் கடைவாய்ப்பல்லை
யாரோ துடைத்தார்கள்.
மேவிஸ் மேலங்கிக் கழுத்தைக் கையால் பிடித்தபடி போனாள்,
மைனஸ் இருபது டிகிரிக்குள்.
எதையும் கேட்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து எண்ணினேன்.
ரூடியின் இரண்டும் சேர்த்து நாற்பது.
கணக்கு சரி.
ஒன்று குறைகிறது.

மறுபடி எண்ணவில்லை.
டப்பாவை மூடினேன்.
ஏழு மணிக்கு அடுத்த மேசை.